மடுவம்மாவும் ஒற்றைச் செருப்பும்

2001ஆம் ஆண்டில் பெங்களூரில் இரண்டே வகை மனிதர்கள்தான் இருந்தார்கள். தொரெகட்டேக்குப் போய் வந்தவர்கள் ஒரு வகை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேனில் இடம் சொல்லி வைத்தவர்கள் இன்னொரு வகை. ஜீவனஹள்ளியிலிருந்து மட்டும் வாரத்துக்கு மூன்று வேன்கள் கிளம்பின. வேன் ஏற்பாடு செய்த சண்முகம் அதற்கு முன் பார்த்த எல்லாத் தொழிலிலும் கையைச் சுட்டுக்கொண்டவன். இப்போது அவன் கழுத்தில் உருத்திராட்சம், இடுப்பில் செல்போன்.

தொரெகட்டேயில் அப்படி என்னதான் இருந்தது? இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன அணை. அதன் அடியில் ஒரே ஒரு மிஷின் உள்ள சின்ன மின் நிலையம். மேலே ஒரு குளம். முன்பெல்லாம் ஜனங்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்து, கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஒழுங்காக வீட்டுக்குப் போனார்கள். 'தண்ணீரில் இறங்காதே' என்று போர்டு சொன்னது. அவர்களும் கேட்டார்கள்.

அப்புறம் ஜலயோகி ஸ்ரீகண்ட சாமி வந்தார். குளத்தின் அடியில் மடுவம்மா குடியிருப்பதாகக் கண்டுபிடித்தார்.

அற்புதம் இதுதான். தொன்னையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துத் தண்ணீரில் விடவேண்டும். துடுப்பு இல்லாமல், காற்று இல்லாமல், தொன்னை தானாக அணையை நோக்கிப் போனால் அம்மா அழைத்துக்கொண்டாள் என்று பொருள். நின்ற இடத்திலேயே நின்றால் தோஷம். காலையில் விடுகிற தொன்னை ஒன்றுகூட நகராது. பெங்களூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் காலையில் தோஷம் இருந்தது. உடனே பரிகார பூஜை, மந்திரித்த கயிறு, மத்தியானம் பந்தி. சரியாக நாலரைக்குச் சாமி சங்கு ஊதுவார். தொன்னைகள் வரிசையாக நடக்க ஆரம்பிக்கும். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுவார்கள். காலையில் கண்டுபிடித்த தோஷம் மாலையில் தீர்ந்து, ராத்திரி சொந்த வீட்டில் படுத்துத் தூங்கலாம். எந்த ஆஸ்பத்திரியில் இந்த வசதி உண்டு?

பக்தி பெருகப் பெருகப் போர்டுக்கும் கதி மோட்சம் கிடைத்தது. அதன்மேல் மஞ்சள் பூசி, குங்குமம் அப்பி, மாலை போட்டார்கள். யாரும் தாண்டக்கூடாதென்று மிதவைக் கயிற்றில் கட்டியிருந்த ஏழு ஆரஞ்சு டிரம்களும் ஏழு கன்னிமார் ஆயின. எச்சரிக்கைச் சைரனின் சத்தம் அம்மாவின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று சாமி சொன்னதால், அதன் வாயில் பட்டுத்துணியை அடைத்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் டிரம்மைத் தாண்டிப் போன எருமை ஒன்று திரும்பி வரவில்லை. எருமைக்கு முக்தி என்று சாமி அறிவித்தார்.

இதைக் கேட்டுத்தான் தர்ஷினி சிரித்துத் தொலைத்தாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. தொம்மலூரில் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. இன்னும் கல்யாணம் ஆகவில்லையே என்று அம்மா மரகதம் அவளை இழுத்துக்கொண்டு போயிருந்தாள். அன்றைக்குப் பார்த்து, நாலரைக்குச் சங்கு ஊதியும் தொன்னைகள் நகரவில்லை. சாமி மறுபடி ஊதினார். கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். ஒன்றும் அசையவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. சாமி சுற்றும் முற்றும் பார்த்து, காலையில் சிரித்த பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"இதோ, இவதான்! இவ ஒருத்தி பாவம் அத்தனை பேரையும் மறிக்குது! அடுத்த ஞாயித்துக்கிழமை மடி ஸ்நானம் பண்ணணும். நாலரைக்கு டிரம்மைத் தாண்டி, கழுத்தளவு தண்ணில மூணு முழுக்கு. அம்மா இழுப்பா. எதிர்க்காம போகணும்."

அந்த ஒரு வாரம் தெருவில் தர்ஷினியால் தலை காட்ட முடியவில்லை. யார் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தார்கள். மரகதம் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்தாள்.

"மூணு முழுக்குத்தானேடி. எனக்காக."

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"அம்மா பாத்துக்குவாடி."

எந்த அம்மா என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பெற்றவளே தன்னைத் தண்ணீரில் இறக்கத் துணிந்ததை நினைத்து அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வேன் போய்ச் சேர்ந்தது. ஏழு கன்னிமாருக்கும் ஒரு மடுவம்மாவுக்கும் இடம் ஒதுக்கிய சாமி, வருகிற பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டவில்லை. இருந்த ஒன்று மின் நிலையத்துக்குள் இருந்தது. தர்ஷினி அங்கே போனாள். கன்னடம் கலந்த தமிழ் பேசுகிற ஆபரேட்டர் கிருஷ்ணப்பா கதவைத் திறந்தார்.

"பேக, சீக்கிரம் போயிட்டு வாம்மா. உள்ள யாரையும் விடக்கூடாது."

திரும்பி வரும்போது மிஷின் சும்மா நிற்பதைப் பார்த்தாள்.

"இது ஓடலையா சார்?"

"காலைல எங்கம்மா ஓட்டறது? சின்ன கெரே இந்தக் குளம். இருக்கற நீரு மூணு மணி நேரத்துக்குத்தான் சரியா இருக்கும். சாயங்காலந்தான் ஊருக்குக் கரண்ட் ஜாஸ்தி வேணும். தினா நாலரைக்கு ஸ்டார்ட்."

"போன ஞாயித்துக்கிழமை?"

"பேரிங் ஹீட் ஆயித்து. ஓடவே இல்ல."

தர்ஷினி அப்படியே நின்றாள். வேலையில் அவள் தினமும் நூறு பேரிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: எப்போது நின்றது, அப்போது வேறு என்ன நின்றது? அந்தக் கேள்விக்குப் பதில் இப்போது கண்ணெதிரே, பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டு நின்றது.

"சார், நாலரைக்கு டிரம்முக்கு அந்தப் பக்கம் ஆள் நின்னா என்னாகும்?"

கிருஷ்ணப்பாவுக்கு முகம் வெளிறியது. "ஆளா? தண்ணி உள்ள போற வாயில கம்பி வலை இருக்கு. அதுல போயி ஒட்டிக்குவாங்க. நாலு பேர் சேந்து இழுத்தாலும் வராது. அந்த எருமெய எடுக்க அரை நாள் ஆச்சும்மா. இங்கேர்ந்து குளம் தெரியாது. அதுக்குத்தான் சைரன். அதோட வாயை அடைச்சிட்டாங்க. தொட்டா அடிக்க வராங்க."

"இன்னிக்கு நிக்கப் போற ஆள் நான்தான். இப்பவே மிஷின ஓட்டிக் காட்ட முடியுமா சார்?"

அவர் ரூல் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தண்ணில ஒருத்தரும் இல்லன்னா அஞ்சு நிமிஷம் டெஸ்ட் ஓட்டலாம். ரூல்ல இருக்கு. ஆனா சைரன் ஊதித்தான் ஓட்டுவேன். பட்டுத்துணிய நானே புடுங்கறேன். கரை மேட்டுல நின்னு துப்பட்டாவ ஆட்டும்மா, அது இங்கேர்ந்து தெரியும்; மறுபடி ஆட்டினா நிறுத்தறேன்."

தர்ஷினி கரைக்கு வந்தாள். படியில் நாற்பது பேர் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். காலைத் தொன்னைகள் வழக்கம்போல அசையாமல் நின்றன.

"எல்லாரும் மேல ஏறுங்க! பாவி நான் தண்ணியத் தொடப்போறேன். எம் பாவம் ஒட்டிக்கிட்டா எங்கிட்ட கேக்காதீங்க!"

'இறங்காதே' என்று வருஷக்கணக்கில் கத்திய போர்டால் முடியாத காரியம் அரை நிமிஷத்தில் நடந்தது. ஒரு குஞ்சுகூடத் தண்ணீரில் இல்லை.

சாமி பதறிக்கொண்டு வந்தார். "இப்ப இல்லம்மா, நாலரைக்கு! காலைல அம்மா தூங்குவா."

"நான் எழுப்பறேன் சாமி."

அவள் வலது காலிலிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி, தொன்னைகளுக்கு நடுவே வீசினாள். கூட்டம் 'ஐயோ' என்று அலறியது. அவள் துப்பட்டாவை எடுத்து மின் நிலையத்தைப் பார்த்து வீசி ஆட்டினாள். ரொம்ப நாளாக வாயடைத்துக் கிடந்த சைரன் ஊரே கேட்க ஊளையிட்டது. இரண்டு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம் ஒரு தொன்னை திரும்பியது. அடுத்தது நகர்ந்தது. தோஷக்காரர்கள் அத்தனை பேருடைய தொன்னையும், பூஜையும் இல்லாமல் கயிறும் இல்லாமல், முற்பகல் பதினொன்றே முக்காலுக்கு அணையை நோக்கிக் கிளம்பியது. கூடவே ஒரு கடலைப் பொட்டலக் காகிதம். எல்லாவற்றையும் முந்திக்கொண்டு செருப்பு.

"அம்மா செருப்பையும் கூப்பிடறாளே சாமி! அதுக்கு எந்த ஊர்ல வரன் பாக்கட்டும்?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் மறுபடி துப்பட்டாவை ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் தொன்னைகள் தயங்கின. நின்றன. செருப்பும் நின்றது.

"எங்க ஆபீஸ்ல இதத்தான் சொல்லுவோம். ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்கன்னு. கீழ மிஷின் ஓடினா தண்ணி உள்ள போகுது. தண்ணி போனா பழமும் போகுது, செருப்பும் போகுது, எருமையும் போகுது, நானும் போயிருப்பேன்."

"நாஸ்திகம்! அம்மா கோவிச்சுக்குவா!" சாமி கத்தினார்.

"சரி, நாலரைக்கு மடி ஸ்நானம் நீங்க பண்ணுங்க. மூணு முழுக்கு. அம்மாவுக்கு உங்களவிட யார் நெருக்கம்?"

கூட்டம் மொத்தமும் சாமியைப் பார்த்தது. ஜலயோகி தண்ணீரைப் பார்த்தார். டிரம்களைப் பார்த்தார். "எனக்குச் சளி" என்றார்.

அதற்கப்புறம் அவர் போன வேகத்தில் சளி இருந்ததாகத் தெரியவில்லை. அவருக்கு முன்னால் சண்முகம் ஓடிக்கொண்டிருந்தான். ஜனங்கள் கூச்சல் போட்டபடி பின்னாலேயே போனார்கள்.

மரகதம் மட்டும் போகவில்லை. மடுவம்மாவுக்கு அபிஷேகம் செய்ய வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள். போர்டின் மாலையைக் கழற்றி எறிந்தாள். தண்ணீரை ஊற்றி, முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். மஞ்சள் கரைந்து வழிந்தது. உள்ளே கன்னட எழுத்துகள் தெரிந்தன. அவளுக்குக் கன்னடம் பேசத்தான் வரும், படிக்க வராது.

"என்னடி போட்டிருக்கு?"

"ஆழம் நாப்பது அடி. இறங்காதே. உயிர் போகும்."

மரகதம் கீழே உட்கார்ந்து மகளின் வெறுங்காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தர்ஷினி குனிந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

தொரெகட்டே போர்டை இப்போது யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நம் மண்டைக்குள்ளும் அப்படி ஒரு போர்டு இருக்கத்தான் செய்கிறது. அதன்மேல் மஞ்சள் பூசுவது சாமியார் இல்லை ஐயா, நாம்தான். கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் போதும். ஆனால் சொம்பை யாரிடமும் மந்திரிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.