எடைமேடை அண்ணனும் அரை மீட்டரும்

எடைமேடை அண்ணன் அளவுக்கு டிராக்டரைக் காதலித்தவரும் கிடையாது, அவர் அளவுக்கு டிராக்டரைச் சித்திரவதை செய்தவரும் கிடையாது. அய்யம்பாளையத்தை மட்டும் வைத்து இதை நான் சொல்லவில்லை. பழனி மலைக்கு மேலேயும் கீழேயும் எங்கே வேண்டுமானாலும் போய் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. லாரியை ஏற்றி எடை போடும் இடத்தின் பெயர் அவருக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய கண். ஆட்டைப் பார்த்தாலும் ஆளைப் பார்த்தாலும் கிலோ சொல்லிவிடுவார். அணைக்குப் போகும் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். அரசுப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராக மாற்றலாகி வந்த புதிதில், ஸ்கூட்டர் ஸ்டாண்டைப் பற்றவைக்க அங்கே போனேன். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"தொண்ணூத்திரண்டு" என்றார்.

"என்னது, டோக்கன் நம்பரா?"

"எடை சார். சட்டைப்பையில கெடக்கிற சாவிக்கொத்தைக் கழிச்சுட்டுத்தான் சொல்றேன்."

அன்றைக்குச் சாயங்காலம் மருந்துக்கடை மெஷினில் ஏறிப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டுதான். அதற்குப் பிறகு ஆறு வருடம் அவர் என்னை 'சார்' என்று கூப்பிடவில்லை. மாணவர்கள் இருந்தாலும் சரி, அவர்களைப் பெற்றவர்கள் இருந்தாலும் சரி, "வாங்க தொண்ணூத்திரண்டு" என்றுதான் வரவேற்பார். ஊரில் எனக்கென்று ஒரு மரியாதை முளைப்பதற்குள் அந்த எண் முளைத்து வளர்ந்துவிட்டது. எங்கள் தலைமையாசிரியரின் எண் நூற்றுநான்கு என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல்.

அண்ணனுக்குப் பித்துப் பிடித்தது செல்போனில் பார்த்த ஒரு வீடியோவால். வெளிநாட்டில் ஏதோ ஒரு மைதானம். டிராக்டர் ஒன்று எடை ஏற்றிய ஒரு வண்டியை இழுக்கிறது. போகப் போக எடை கூடிக்கொண்டே போகிறது. முன்சக்கரம் இரண்டும் ஆகாயத்தில் நிற்கின்றன, புகைக் குழாயிலிருந்து கரும்புகை பொங்குகிறது. அதிக தூரம் இழுத்தவன் ஜெயித்தான். இவ்வளவு கஷ்டப்பட்டு இழுத்த எடையை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. அண்ணனும் கேட்கவில்லை. மனைவி பாண்டியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மா வாயில் கைவைத்துக்கொண்டு, "அய்யோ பாவம், யாரு வண்டிங்க? ஓட்டுனவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டிருக்கிறார்.

வீட்டில் ஒரு டிராக்டர் இருந்தது. பாண்டியம்மாவின் அப்பா நாலு ஏக்கர் மானாவாரிக் காட்டோடு சேர்த்து மகளுக்குக் கொடுத்த வண்டி. முப்பத்தைந்து வயது. அதுவரை ஒழுங்காக உழுது, மக்காச்சோளம் ஏற்றி, மரியாதையாகப் பிழைத்துக்கொண்டிருந்தது.

அண்ணன் அதைப் பட்டறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். மட்கார்டு போனது. ஹெட்லைட் போனது. சைலன்சரைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆள் உயரத்துக்கு ஒரு குழாயை நட்டார். டீசல் பம்ப்பில் கம்பெனி வைத்த முத்திரையை உடைத்து, அது எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு டீசல் குடிக்க விட்டார். உடைப்புக்குப் போன லாரி ஒன்றிலிருந்து, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைக் கொண்டுவந்து எஞ்சினோடு ஒட்டவைத்தார். கடைசியாக, கலப்பையைத் தூக்கும் இரும்புக் கைகள் இரண்டையும், "இது சும்மா எடை" என்று கழற்றிச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டார். அதற்குப் பிறகு, இழுக்கும்போது வண்டி மல்லாந்துவிடாமல் இருக்க மூக்கில் பாரம் வேண்டும் என்று ஊர் முழுக்கச் சுற்றிப் பதினோரு ஆட்டுக்கல் வாங்கிவந்தார். எல்லார் வீட்டிலும் கிரைண்டர் வந்துவிட்டதால் பெண்கள் சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

"கழட்டுனது எவ்வளவுண்ணே?" என்று கேட்டேன்.

"இருநூறு கிலோ."

"மாட்டுனது?"

"இருநூத்திப் பத்து."

"அதுக்குக் கழட்டாமலே இருந்திருக்கலாமே."

"தொண்ணூத்திரண்டு, எம்புட்டு எடைங்கறது முக்கியமில்ல. அது எங்கிட்டு இருக்குங்கறதுதான் முக்கியம்" என்று சொல்லி என் வயிற்றைப் பார்த்தார். கிண்டல் செய்யப் போனவன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

இதெல்லாம் எங்களுக்கு வேடிக்கை. பாண்டியம்மாவுக்கு அப்படி இல்லை. மானாவாரிக் காட்டில் மழை பெய்து ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். மழை பெய்த மறுநாள் ஊரே வாடகை டிராக்டருக்கு அலையும். பாண்டியம்மாவின் முறை வருவதற்குள் ஈரம் போய்விட்டது. அந்த வருடம் மக்காச்சோளம் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. "வீட்ல வண்டிய வச்சுக்கிட்டு ஊரான் வண்டிக்கு வரிசையில நிக்கிறேன் சார். ஈரம் எனக்காகக் காத்துக்கிட்டா கெடக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

ஆவணிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தானே ஒரு இழுவைப் போட்டி நடத்தப்போவதாக அண்ணன் அறிவித்தபோது, அந்த அம்மா பட்டறைக்கே வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"இந்தா பாருங்க. இதுல ஜெயிச்சீங்கன்னா அது உங்க வண்டி. ஆயுசுக்கும் நான் வாயத் தெறக்க மாட்டேன். தோத்தீங்கன்னா மறுநாள் வெள்ளனே கலப்பைய மாட்டிரணும். புரட்டாசி மழைக்கு என் காட்டுல என் வண்டிதான் உழணும்."

"சரி" என்றார் அண்ணன், தலையைக்கூட நிமிர்த்தாமல். தோற்பது என்ற ஒன்று அவருடைய யோசனையிலேயே இல்லை.

போட்டிக்கு முன்னால் ஏற்றத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று வண்டியை மலைச்சாலையில் ஏற்றிக் கொடைக்கானலுக்கே போனார். விடுமுறை நாளில் வேலை வெட்டி இல்லாத நானும் ஒட்டிக்கொண்டேன். மேலே போகப் போகக் காற்று மெலிந்தது, டீசல் மட்டும் மெலியவில்லை. நாயுடுபுரத்துக்குள் நுழைந்தபோது எங்களுக்குப் பின்னால் சாலையே தெரியவில்லை. சுற்றுலாப் பயணிகள் சிலர் பனிமூட்டம் என்று நினைத்துக் கைகோத்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு விடுதியின் முன்னால் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் பத்துப் பன்னிரண்டு காய்ந்துகொண்டிருந்தன. அதாவது, நாங்கள் வரும்வரை வெள்ளையாக இருந்தன. விடுதிக்கார ஸ்டெல்லா வெளியே ஓடிவந்தார்.

"என்ன அங்கிள் இது? மார்னிங்தான் வாஷ் பண்ணினேன். பெட்ஷீட் பூரா ஸ்பாயில். கெஸ்ட் வந்தா நான் என்ன சொல்லுவேன்?"

அண்ணன் வண்டியை நிறுத்தி, அந்த அம்மாவை நிதானமாகப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அறுபத்தெட்டு" என்றார்.

நாங்கள் எல்லாவற்றையும் திரும்பத் துவைத்துப் பிழிந்து கொடுத்துவிட்டுத்தான் மலையிறங்கினோம். கொடைக்கானல் தண்ணீரில் வெறுங்கையால் துவைத்தால் என்ன ஆகும் என்பதை என் விரல்களிடம் கேளுங்கள்.

போட்டிக்கு வருகிறேன். வெளிநாட்டில் எடையைக் கூட்டுவதற்கு மெஷின் இருக்கிறது. அய்யம்பாளையத்தில் அதற்கு எங்கே போவது? அண்ணன் ஒரு பெரிய இரும்புத் தகட்டில் சங்கிலி கட்டினார். டிராக்டர் அதைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகும். வழியில் ஆறு மீட்டருக்கு ஒரு ஆள் நிற்பார். தகடு பக்கத்தில் வந்ததும் அதில் ஏறிக்கொள்ள வேண்டும். அறுபது மீட்டருக்குப் பத்துப் பேர். மெஷினுக்குப் பதிலாக நாங்கள். கணக்கு வாத்தியார் என்பதால் விதிகளை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இருபத்திரண்டு விதிகள். நாலாவது, எடை போடும்வரை யாரும் சாப்பிடக் கூடாது. ஒன்பதாவது, ஒரு ஆள் ஏறாமல் விட்டாலும் அந்த இழுவை செல்லாது. கட்சிக்காரர், சொந்தக்காரர் என்று யாரும் யாருக்கும் சலுகை காட்டிவிடக் கூடாதாம். ஒன்பதாவதை மட்டும் சிவப்பு மையால் எழுதச் சொன்னார்.

போட்டியன்று காலையில் தேங்காய் மண்டித் தராசில் பத்துப் பேரையும் நிறுத்தினார். தலைமையாசிரியர் செருப்பைக் கழற்ற மறுத்ததால் கால் மணி நேரம் தகராறு. பத்தாவது ஆளான டீக்கடைக்காரர், பசி தாங்காமல் எட்டு இட்லியை முடித்துவிட்டு வந்து நின்று, அண்ணன் முன்பே குறித்துவைத்திருந்த அறுபத்துநாலைவிட ஒரு கிலோ கூடுதலாக இருந்து மாட்டிக்கொண்டார். நாலாம் விதிப்படி வெளியேற்றம். அவர் இடத்துக்கு அதே அறுபத்துநாலு கிலோவில் ஆள் வேண்டும். அண்ணன் கூட்டத்தைக் கண்ணால் அலசினார். வேடிக்கை பார்க்க வந்திருந்த அத்தனை சனத்திலும் அறுபத்துநாலு கிலோவில் இருந்தது பாண்டியம்மா ஒருவர்தான்.

அணைக்குக் கீழே இருந்த தரிசில் போட்டி. நாலு வண்டிகள் வந்திருந்தன. இரண்டு, நாற்பது மீட்டரைத் தாண்டவில்லை. மூன்றாவது, அடுக்கம் என்ற மலைக் கிராமத்து வின்சென்ட்டின் வண்டி. வாழைத்தார் இறக்கிவிட்டு வழியில் சும்மா எட்டிப் பார்க்க வந்தவர். அந்த வண்டியில் யாரும் எதையும் கழற்றவும் இல்லை, மாட்டவும் இல்லை. டயரில் சேறுகூட அப்படியே இருந்தது. அது ஒன்பது பேரையும் ஏற்றிக்கொண்டு, அறுபதில் பாண்டியம்மாவையும் ஏற்றிக்கொண்டு, அறுபத்தோராவது மீட்டரில் போய் நின்றது. எங்கள் எல்லாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு வருடப் பட்டறை வேலையை ஒரு வாழைத்தார் வண்டி மிரட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாக அண்ணன். குழாய் அலறியது. மாமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. தகடு நகர்ந்தது. நாலாவது ஆளாக நான் ஏறினேன். வேகம் குறைந்தது, நான் அதற்கு வருத்தப்படவில்லை. ஏழாவதாகத் தலைமையாசிரியர் ஏறினார், வண்டி முனகியது. ஒவ்வொரு ஆள் ஏறும்போதும் அண்ணன் திரும்பிப் பார்த்து எண்ணிக்கொண்டார். ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு. ஆள் நடப்பதைவிட மெதுவாகத் தகடு அறுபதுக்கு வந்தது. இன்னும் ஒரு அறுபத்துநாலு கிலோ ஏறினால் வண்டி படுத்துவிடும் என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்தது. பாண்டியம்மாவுக்கும் தெரிந்தது. ஒரு கால் எடுத்து வைத்தால் போதும், டிராக்டர் அவர் காட்டுக்கு வந்துவிடும்.

பாண்டியம்மா ஏறவில்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். தகடு அவரைத் தாண்டிப் போனது.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். கிளட்சை மிதித்தார். வண்டி நின்றது. வின்சென்ட்டின் வண்டி நின்ற இடத்தில் கிழித்திருந்த கோட்டுக்கு அரை மீட்டர் பாக்கி.

"ஏறு" என்றார்.

"முட்டி வலிக்குது. என்னால ஏற முடியாது. நீங்க போங்க."

"ஒன்பதாவது விதி."

"ஒன்பதோ பத்தோ, நான் ஏறல. இத நெனச்சுக்கிட்டே ரெண்டு வருசமா சோறு எறங்காமக் கெடந்தீங்க. ஜெயிச்சுட்டு வாங்க. நான் வாடகை வண்டியில உழுதுக்கிறேன்."

வின்சென்ட்டே முன்னால் வந்து, "அண்ணே, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். வெரசா ஓட்டுங்க" என்றார்.

அண்ணன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வின்சென்ட்டுக்கு ஏறுனேல்ல பாண்டி? எனக்கும் ஏறு."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினார். அண்ணன் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். பதினோரு ஆட்டுக்கல்லையும் தூக்கிக்கொண்டு முன்சக்கரம் இரண்டும் ஒரு முழம் மேலே எழுந்தன. செல்போனில் பார்த்தது போலவே அழகாக நின்றன. தகடு ஒரு அங்குலம்கூட நகரவில்லை. எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்துபோனது. அண்ணன் இறங்கி வந்து முடிவு எழுதும் நோட்டை வாங்கி, முதல் இடம் வின்சென்ட் என்று தன் கையாலேயே எழுதினார்.

மறுநாள் விடிந்ததும் பரணிலிருந்து சாக்குமூட்டை இறங்கியது. புரட்டாசியில் முதல் மழை பெய்த மறுநாள், நாலு ஏக்கரும் பத்து மணிக்குள் உழுது முடிந்துவிட்டது. "காது ரெண்டும் போச்சு சார். ஆனா சோலி முடிஞ்சுது" என்றார் பாண்டியம்மா. வரப்பில் நின்று, கலப்பை எவ்வளவு கிலோ என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார் அண்ணன்.

கையில் கிடைத்த வெற்றியை அரை மீட்டருக்கு முன்னால் நிறுத்திய கிறுக்கன் என்று டீக்கடையில் இன்றைக்கும் பேசுகிறார்கள். நானும் அங்கே உட்கார்ந்து சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த முன்சக்கரங்கள் எழும்பி நின்றபோது தகட்டின் மேல் நடந்ததை மட்டும் நாங்கள் பேசுவதில்லை. தலைமையாசிரியர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். பாண்டியம்மா குதிகாலைத் தூக்கி நுனிவிரலில் நின்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டால் எடை குறையாது என்பது கணக்கு வாத்தியாரான எனக்குத் தெரியும். அண்ணன் ஜெயித்துவிட வேண்டுமே என்று, எஞ்சின் அணையும்வரை நான் மூச்சு விடவில்லை.