ரெங்கசாமி ஒரே பையோடு கிளம்பினார்

இனிமேல் பெட்டி தூக்குவதில்லை என்று ரெங்கசாமி முடிவு செய்தார். முடிவு செய்த கையோடு அதைக் கத்தியும் சொன்னார். மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் கத்தினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அன்றைக்குத் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"ஆளுக்கு ஒரே ஒரு கைப்பை. ஏரோப்பிளேன்ல தலைக்கு மேல வைப்பாங்கல்ல, அந்தப் பை. அதுக்கு மேல ஒரு கைக்குட்டை வந்தாலும் டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுடுவேன்."

அவர் மனைவி பவுனம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஒன்றரை மாசத்துக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒன்றரை வருஷமா இருந்தாலும் அவ்வளவுதான் லா."

பயணம் மன்னார்குடிக்கு. அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன பவுனம்மாளின் தங்கை நல்லம்மாள், மூத்த மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் போவதில் ரெங்கசாமிக்கு ஒரு கோபமும் இல்லை. அவர் கோபமெல்லாம் 'சின்னப் பார்சல்' மேல்தான். இந்தியா போகிறோம் என்று வாயைத் திறந்தால் போதும், தெருவே வாசலில் வந்து நிற்கும். அண்ணே, சின்னப் பார்சல்தான். அங்கிள், எங்க மாமா வந்து வாங்கிக்குவாரு. மைலோ சத்துமாவு டின், தைலம், குடை, டார்ச் லைட், ஜப்பான் சேலை என்று ஆளுக்கொன்றாகத் திணித்துவிட்டுப் போய்விடுவார்கள். தூக்குவது ரெங்கசாமி.

போன தடவை இராமலிங்கம் ஒரு பொட்டலம் கொடுத்தான். துணிமணி என்றான். மெட்ராஸ் கஸ்டம்ஸில் பிரித்தால் உள்ளே ஒரு பல்செட். திருச்சியில் இருக்கும் அவன் அண்ணனுக்காம். அதிகாரி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது யாருடையது என்று கேட்டார். தன்னுடையது இல்லை என்று நிரூபிக்க ரெங்கசாமி அத்தனை பேர் முன்னாலும் வாயைப் பிளந்து காட்ட வேண்டியதாயிற்று. அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் கூடாது என்று அவர் வைராக்கியமாக இருந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சுங்கை வே என்கிற ஊரில் யாரோ ஒருத்தர் ஒரே பையோடு இந்தியா போய் வந்தாராம், கஸ்டம்ஸில் அவரை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லையாம் என்று முந்தின வாரம் சோறு போடும்போது சொன்னவள் பவுனம்மாள்தான். மறுநாள் குளிக்கும்போது அந்த யோசனை தானாகவே தன் மண்டையில் உதித்ததாக ரெங்கசாமி நினைத்துக்கொண்டார். அவர் மண்டையில் உதித்த யோசனைகளெல்லாம் இப்படித்தான், முந்தின நாள் சோற்றோடு உள்ளே போனவை.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய் ஒரே மாதிரி இரண்டு ரெக்ஸின் பை வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை கோவிலில் பூசை முடிந்ததும் படிக்கட்டில் நின்றுகொண்டு, நான் கைப்பையோடுதான் போகிறேன், எவனும் என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்று அறிவித்தார். அப்படியும் இராமலிங்கம் வந்தான். பொட்டலத்தைக் கையில் வாங்காமலேயே அவனை வாசல் கேட்டோடு திருப்பி அனுப்பினார். இந்தத் தடவை என்ன, கண்ணா, காதா என்று அவர் கேட்ட கேள்வி தெருவெல்லாம் பரவியது. அதற்கப்புறம் ஒரு ஈ காக்காய் வரவில்லை. பாதிப் பேர் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். சனியன் விட்டது என்று ரெங்கசாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

ஒரு நாள் சாயங்காலம் பவுனம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏங்க, வெறுங்கையை வீசிக்கிட்டு எப்படிங்க அவ வீட்டுல போய் நிக்கிறது? போன தடவையும் பெட்டி பூரா ஊரார் சாமான்தான். அவளுக்குன்னு ஒரு பிஸ்கட் டின்தான் குடுத்தேன். அவ ஒண்ணும் சொல்லல. அவ மாமியார் சொன்னாங்க, மலேசியா அக்கான்னு பேருதான் பெரிசுன்னு."

"உன்னையப் பார்க்கக் கூப்பிடுறாளா, உன் மைலோ டின்னைப் பார்க்கக் கூப்பிடுறாளா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ரெங்கசாமிக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. உறுத்தியதால் இன்னும் சத்தமாகக் கத்தினார்.

ஆனாலும் பெண்பிள்ளை மனசு மாறலாம் இல்லையா. வீட்டில் இரண்டு பெரிய நீலப் பெட்டிகள் இருந்தன. ஒரு தடவை மெட்ராஸில் பெட்டி மாறிப்போன ஆத்திரத்தில், ஒர்க் ஷாப்பிலிருந்து வெள்ளைப் பெயின்ட் கொண்டுவந்து எல்லாப் பக்கமும் ரெங்கசாமி, ரெங்கசாமி என்று இங்கிலீஷில் முழ நீளத்துக்கு எழுதி வைத்திருந்தார். பெட்டி வீட்டில் இருந்தால்தானே ஆசை வரும். இரண்டையும் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் வைத்தார்.

பக்கத்து வீட்டுக் கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர், தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், சொன்ன சொல் மாறாத மனுஷர். ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டுங்கள், பவுனு வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று ரெங்கசாமி அவரிடம் சத்தியமே வாங்கிக்கொண்டார். கார்த்திகேசுவும் கொடுத்தார். அவர் மனைவி புனிதவதி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து பவுனம்மாள் பசுமாடு மாதிரி ஆகிவிட்டாள். எது சொன்னாலும் "சரிங்க". தினமும் வேலை விட்டு வந்ததும் ரெங்கசாமி அவள் பையைப் பிரித்துச் சோதனை போடுவார். நாலு சேலை, ஒரு துண்டு, விபூதிப் பை. அவ்வளவுதான். பெண்டாட்டியை அடக்குவது எப்படி என்று ஆபீசில் இரண்டு பேருக்குப் பாடமும் எடுத்தார். அவள் மட்டும் மூடி போட்ட பேசின் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தாள். புனிதவதி அக்காவுக்கு இடியப்பமாம். இரண்டே பேர் இருக்கும் வீட்டில் இவ்வளவு இடியப்பத்தை யார் தின்கிறார்கள் என்று ஒரு தடவை அவருக்குத் தோன்றியது. தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

கிளம்பும் நாளும் வந்தது. சுபாங் ஏர்போர்ட்டில் டாக்ஸியை விட்டு இறங்கியதும் ரெங்கசாமி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்தார். வரிசையில் கயிறு கட்டின பெட்டிகளோடு முக்கி முனகிக்கொண்டிருந்த சனங்களைப் பார்த்து, முட்டாப் பசங்க என்று காதில் விழும்படியே சொன்னார். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் அவரை என்சிக் என்று மரியாதையாக அழைத்து, பெட்டி ஏதும் உண்டா என்று கேட்டாள். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று அவர் உரக்கச் சொன்னார்.

"நோ பெட்டி. ஹேண்ட் பேக் ஒன்லி."

"கொஞ்சம் இருங்க மிஸ், வந்துக்கிட்டிருக்கு" என்றாள் பவுனம்மாள்.

ரெங்கசாமி திரும்பினார். தள்ளுவண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளியவர் கார்த்திகேசு. தலையைக் குனிந்துகொண்டு, ஜப்தி செய்ய வந்தவர் மாதிரி தள்ளினார். பக்கத்தில் புனிதவதி தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தாள். வண்டியின் மேலே இரண்டு நீலப் பெட்டிகள், மூடி உப்பி, பெல்ட் போட்டு இறுக்கியபடி.

ரெங்கசாமிக்கு உடம்பெல்லாம் நெருப்புப் பிடித்தது. சத்தியம் பண்ணினியே ஐயா, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று கார்த்திகேசு மேல் பாய்ந்தார்.

"நான் குடுக்கேல்லை" என்றார் கார்த்திகேசு, தரையைப் பார்த்தபடி. "சாவி எண்டைக்கும் என்னட்ட இருந்ததில்லையப்பா."

"இது எங்க பெட்டி இல்ல" என்று ரெங்கசாமி கவுண்டர் பக்கம் திரும்பிக் கத்தினார். அந்தப் பெண் டிக்கெட்டைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். முழ நீள வெள்ளை எழுத்தை விரலால் தொட்டு, ரெங்கசாமி என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். முட்டாப் பசங்களில் ஒருவன்தான்.

பெட்டிகள் தராசில் ஏறின. டிக்கெட்டுக்கு இருபது கிலோ வீதம் இரண்டு பேருக்கும் நாற்பது. முள் நாற்பதைத் தொட்டு நின்றது. புனிதவதி வீட்டுத் தராசில் ஏற்கெனவே ஒத்திகை பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது.

"என்னடி இருக்கு உள்ள?" என்றார் ரெங்கசாமி.

"பொண்ணுக்குப் பட்டுச்சேலை, மாப்பிள்ளைக்குக் கடியாரம், நல்லம்மாவுக்கு நாலு சேலை, அவ மாமியாருக்கு ஒரு கம்பளி, ரெண்டு மைலோ டின்." பவுனம்மாள் வெங்காயம் உரிக்கிற அதே நிதானத்தோடு சொன்னாள். "ஊருக்குப் போறப்பல்லாம் இந்த நாப்பது கிலோவுல எனக்குன்னு ஒரு கிலோ மிஞ்சினதில்லைங்க. எவனாச்சும் வந்து நின்னா, நீங்க பல்லைக் காட்டிக்கிட்டு வாங்கி வச்சிடுவீங்க. நான் வேணாம்னா பொல்லாதவ ஆயிடுவேன். நீங்க கத்தினாத்தான் சனம் நகரும். கத்தினீங்க. ஒருத்தரும் வரல. மொத்த எடமும் என் தங்கச்சிக்கே கெடச்சிடுச்சி."

ரெங்கசாமி எதையோ நினைத்துக்கொண்டவர் போல், "சுங்கை வேயில ஒரே பையோட போனவரு யாரு?" என்று கேட்டார்.

"யாரோ. எனக்கு என்ன தெரியும்?"

ரெங்கசாமி கத்தத்தான் வாயைத் திறந்தார். இதுவரைக்கும் கத்தியதெல்லாம் யாருக்கு வேலை பார்த்தது என்பது அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டார். பெட்டிகள் இரண்டும் அவர் பெயரை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு உள்ளே போய் மறைந்தன.

பவுனம்மாள் அவர் தோளிலிருந்த பையை மெல்லக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இதை நான் வச்சுக்கிறேன். மெட்ராஸ்ல எறங்கினா உங்களுக்கு ரெண்டு கையும் வேணும்."