போரா போரா, வழி அகரம்

நேத்து ஞாயித்துக்கிழமை. எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. நீச்சல் கத்துக்கணும்.

முப்பத்தெட்டு வயசுல எதுக்குய்யா நீச்சல்னு கேப்பீங்க. இதே கேள்விய நேத்து திண்டுக்கல் பக்கத்துல அகரத்துல ஊரே சேந்து கேட்டுச்சு. நான் கெணத்துக்குள்ள இருந்து பதில் சொன்னேன். உங்களுக்கு உக்காந்தே சொல்றேன்.

எங்க பத்தாவது கல்யாண நாள் வருது. என் வீட்டம்மா செல்விக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. பசிபிக் கடல்ல, தாஹிட்டி பக்கத்துல, போரா போரான்னு ஒரு தீவு இருக்கு. தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும். கடலுக்கு மேலயே கால் நட்டு, கூரை வேஞ்சு, குடிசை குடிசையா ரூம் கட்டி வச்சிருக்காங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டு வேலையெல்லாம் முடிச்சு உக்காந்தா, செல்வி அந்த வீடியோவத்தான் பாப்பா. வாயத் தொறந்து கூட்டிட்டுப் போங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. கடைசியில ஒரு பெருமூச்சு விடுவா, அம்புட்டுத்தான்.

இந்த வருசம் அவளுக்குத் தெரியாமலே ஏற்பாடு பண்ணிரணும்னு டூர் ஆபீஸ் ஒண்ணுக்கு போன் போட்டேன். அந்தப் பொண்ணு தேன் மாதிரி பேசுச்சு.

"சார், உங்க ரூம்ல இருந்து படி நேரா கடலுக்குள்ள இறங்கும். காலையில எழுந்ததும் ரெண்டு பேரும் அப்படியே தண்ணிக்குள்ள போய் கலர் கலரா மீன் பாக்கலாம். ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியும்ல சார்?"

"ஓ! அதெல்லாம் நல்லாத் தெரியும்மா!"

ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு நல்லாத் தெரியும்கறது சத்தியமான உண்மை. செல்வி ரெட்டியார்சத்திரத்துல கெணத்துல குதிச்சு வளந்தவ. நான் வாளி ரொம்பி வழிஞ்சாலே ரெண்டு அடி தள்ளி நிக்கிற ஆளு.

கல்யாணமான புதுசுல ராமேஸ்வரம் போனோம். அவ கடல்ல எறங்கி, "வாங்க வாங்க"ன்னு கை ஆட்டுறா. நான் கரையில நின்னுக்கிட்டு, "நீ குளிம்மா, செருப்ப எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான், நான் பாத்துக்கிறேன்"னேன். அப்பறம் குத்தாலம் போனோம். அங்கயும் செருப்பு. கும்பக்கரை போனோம். அங்கயும் செருப்பு. போன தடவை அவ என்னக் கூப்புடவே இல்ல. செருப்பக் கழட்டி என் கையில குடுத்துட்டு, பேசாம தண்ணிக்குள்ள போயிட்டா.

அது எனக்கு சுருக்குனு தச்சுருச்சு. அம்புட்டுக் கடலத் தாண்டி போரா போரா போயி, அங்கயும் ரெண்டு ஜோடி செருப்புக்கு வாட்ச்மேனா நின்னா நான் என்ன புருசன்?

சரி, கத்துக்கிருவோம். ஆனா எங்க? திண்டுக்கல்லுல நீச்சல் குளத்துக்குப் போகலாம்தான். ஆனா அங்க வர்றதுல பாதிப் பிள்ளைங்க செல்விகிட்ட கணக்குப் படிக்கிறதுங்க. திங்கக்கிழமை மொதப் பீரியட்லயே, "மிஸ், உங்க சாரு அழுதாரு மிஸ்"னு சொல்லிரும்.

அப்பத்தான் என் ஃப்ரெண்டு சகாயம், "ஏன் பங்காளி கவலப்படுற? அகரத்துல நம்ம தோப்புக் கெணறு சும்மாத்தான கெடக்கு? முதுகுல காலிக் கேனக் கட்டி எறக்கிவிட்டா ஒரே நாள்ல வந்துரும்"னான். இந்தப் பக்கம் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கத்துக்கிருச்சு. நான் மட்டும் அந்த வயசுல அழுது தப்பிச்சுட்டேன்.

அகரத்துல செல்வியோட சித்தப்பா இருக்காருங்கறது எனக்குத் தெரியாம இல்ல. ஆனா ஞாயித்துக்கிழமை மனுசன் கறிக்கடையில நிப்பாரு, கெணத்துக்கு எங்க வரப்போறாருன்னு ஒரு தெம்பு.

முன்னேற்பாடெல்லாம் பலமா இருந்துச்சு. முகத்துல மாட்டுற பெரிய கண்ணாடி, தண்ணிக்குள்ள மூச்சு விடுற குழா, கால்ல மாட்டிக்க வாத்துக்கால் மாதிரி ரெண்டு ரப்பர் துடுப்பு. எல்லாம் ஆன்லைன்ல வாங்கி, என் கடையில ஒளிச்சு வச்சிருந்தேன். போதாக்கொறைக்கு போரா போராவுக்குன்னே எடுத்த செம்பருத்திப் பூப் போட்ட சட்டை வேற.

எல்லாம் இருந்துச்சு. கேன் மட்டும் இல்ல.

"செத்த நேரம் இரு பங்காளி. அண்ணன் வீட்டுல கேன் கெடக்கும், எடுத்துட்டு வாரேன். நான் வர்ற வரைக்கும் தண்ணியில எறங்கிராத"ன்னு சொல்லிட்டு சகாயம் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்.

நான் எறங்கணும்னு நெனைக்கவே இல்லைங்க! செருப்பு, போனு, பேண்ட் எல்லாத்தையும் கெணத்து மேட்டுல வச்சுட்டு, கல்லுப் படியில மெதுவா எறங்கி, கடைசிப் படியில உக்காந்தேன். உக்காந்தவன் சும்மா இருக்கணும்ல? துடுப்பு அளவு சரியா இருக்கான்னு மாட்டிப் பாத்தேன். கண்ணாடியையும் மாட்டுனேன். குழாயையும் கடிச்சேன். எந்திரிச்சு நின்னா எப்படி இருக்கும்னு எந்திரிச்சேன்.

பாசி.

அடுத்த நிமிசம் கழுத்தளவு தண்ணியில நான் மோட்டார் பைப்பக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறேன். அடியில கால் எட்டல. படியில ஏறலாம்னா துடுப்பு மாட்டுன காலு அந்தச் சின்னக் கல்லுல நிக்க மாட்டேங்குது. துடுப்பக் கழட்டணும்னா பைப்ப விடணும். பைப்ப விட்டா இந்தப் பதிவ வேற யாராச்சும்தான் எழுதணும்.

அந்த நேரம் பாத்து ஆட்டுக்குப் புல்லறுக்க வந்த அக்கா ஒண்ணு, சத்தம் கேட்டு கெணத்துக்குள்ள எட்டிப் பாத்துச்சு. எனக்கு உசுரே வந்துருச்சு. சந்தோசத்துல, "அக்கா, காப்பாத்துங்க"ன்னு கத்துனேன். வாயில குழா இருந்ததால, "ஊ! ஊஊ!"ன்னுதான் வந்துச்சு.

நீங்களே அந்த அக்கா எடத்துல நின்னு பாருங்க. முகமெல்லாம் கண்ணாடி, வாயில குழா, கையில பைப்போட சேந்து போற மோட்டார் வயரு. போன மாசம்தான் அந்தப் பக்கம் கெணறு கெணறா எறங்கி, செம்புக்காக வயர அறுத்துட்டுப் போயிருக்காய்ங்க.

"ஆத்தாடி! வயரு திருடுறவன் கெணத்துக்குள்ள கெடக்கான்! ஓடியாங்க, ஓடியாங்க!"

ஓடி வந்தாங்க. அகரத்துல இம்புட்டு ஜனம் இருக்குன்னு எனக்கு நேத்துத்தான் தெரியும். கெணத்தச் சுத்தி வட்டமாத் தலைங்க. நடுவுல கொஞ்சூண்டு வானம்.

"ஏலே, யார்ரா நீ?"

குழாயத் துப்பிட்டு, "அண்ணே, நான் திருடன் இல்லண்ணே! நீச்சல் பழக வந்தேன்!"

"முகத்துல என்னலே மாட்டியிருக்க?"

"மீன் பாக்குறதுக்குண்ணே!"

"இந்தக் கெணத்துல மீனே கெடையாதே!"

"இங்க இல்லண்ணே, வேற எடத்துல!"

"கேட்டியாய்யா? வேற எடத்துலயும் எறங்குவானாம்! போன மாசம் அறுத்ததும் இவந்தான்!"

"அய்யோ அண்ணே! இது சகாயம் கெணறுதான? நான் சகாயத்தோட ஃப்ரெண்டுண்ணே!"

"கெணறு யாருதுன்னு எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கான் பாரு!"

நான் வாயத் தொறக்கத் தொறக்க கேசு ஸ்ட்ராங் ஆயிக்கிட்டே போகுது. அதனால வாய மூடிட்டேன். மேல ஒரு அண்ணன் செல்போன்ல வீடியோ எடுக்குறாரு. "சட்டை நல்லா விழுகுதுய்யா"ன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட சொல்றாரு.

அப்ப கூட்டத்த விலக்கிக்கிட்டு, கையில பெரிய கம்போட ஒருத்தர் வந்தாரு. "தள்ளுங்கப்பா. மொதல்ல அந்தக் கண்ணாடியக் கழட்டி மூஞ்சியக் காட்டச் சொல்லுங்க."

அந்தக் குரல் எனக்கு நல்லாவே தெரியும். கல்யாணத்துல என்கிட்ட, "எங்க பிள்ளையக் கண்கலங்காம பாத்துக்கங்க"ன்னு சொன்ன குரல்.

ஒரு கையால பைப்பப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால கண்ணாடிய நெத்திக்கு ஏத்துனேன்.

"வணக்கம் மாமா."

சித்தப்பா கையில இருந்த கம்பு மெதுவா முதுகுக்குப் பின்னாடி போச்சு.

"மாப்ள! அங்க என்ன மாப்ள பண்றீங்க?"

அகரத்து மாப்பிள்ளைன்னு தெரிஞ்ச உடனே ஊரே மாறிப்போச்சு பாருங்க! இம்புட்டு நேரம் ஏலேன்னு கூப்பிட்டவரு, "ஏங்க, முன்னாடியே சொல்லக் கூடாதா?"ங்கிறாரு. கயித்துக் கட்டில்ல வச்சு மேல தூக்கலாம்னு கட்டிலெடுக்க ஆள் போகுது. அதுவரைக்கும் மாப்பிள்ளை சும்மா கெடக்கக் கூடாதுன்னு வாளியில எளநி எறங்கி வருது. ஸ்ட்ரா இல்லையேன்னு ஒருத்தர் வருத்தப்பட்டாரு. அதான் அவருகிட்டயே குழா இருக்கேன்னு இன்னொருத்தர் சொன்னாரு. குடிச்சேங்க. வேற என்ன பண்றது?

இதோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல. சித்தப்பா குனிஞ்சு, ரகசியமா ஒண்ணு கேட்டாரு. கெணத்துல எது ரகசியம்? எல்லாத்துக்கும் எதிரொலி.

"மாப்ள, வீட்டுல ஏதும் சண்டையா? செல்விக்கு வாய் கொஞ்சம் நீளந்தான். அதுக்காக நீங்க இப்படி கெணத்துல வந்து..."

"அய்யய்யோ! அதெல்லாம் இல்ல மாமா!"

"பின்ன முப்பத்தெட்டு வயசுல யாரு மாப்ள நீச்சல் பழகுறா?"

புல்லுக்கட்டு அக்கா ஊருக்கே கேக்குற மாதிரி, "டீச்சரம்மா ரொம்பக் கண்டிப்பாம்ல. பாவம், மனுசன் எப்படி ஒடுங்கிப் போயிக் கெடக்காரு பாரு"ங்குது. நாலு பேரு தலைய ஆட்டுறாங்க. அதுக்குள்ள சித்தப்பா போன் போட்டுட்டாரு. "ஏம்மா செல்வி, மாப்ளைய என்னம்மா சொன்ன? இங்க எங்க ஊருக் கெணத்துல கெடக்காரு."

திண்டுக்கல்லுல இருந்து ஸ்கூட்டர அவ எப்படி ஓட்டிட்டு வந்தாளோ தெரியல. கட்டில் வர்றதுக்கு முன்னாடி அவ வந்துட்டா. மூச்சு வாங்குது, கண்ணு ரெண்டும் செவந்திருக்கு. எட்டிப் பாத்து, குரல் நடுங்க, "என்னங்க... நான் என்ன பண்ணேன்?"னு கேட்டா.

ரகசியத்தக் காப்பாத்துனா போரா போரா பத்திரமா இருக்கும். ஆனா அகரம் பூராவும் புருசனக் கெணத்துல எறக்குன டீச்சர்னு அவ பேரு நிக்கும். ஆசையா ஒரு பெருமூச்சு விட்டதத் தவிர அவ வேற எந்தப் பாவமும் பண்ணல.

கெணத்துக்குள்ள இருந்தே கத்துனேன். "செல்வி! உன்னய போரா போராவுக்குக் கூட்டிட்டுப் போறேன்! கல்யாண நாளுக்கு! உனக்குத் தெரியாம வைக்கணும்னு நெனச்சேன்! அங்க நீ கடல்ல எறங்குறப்ப நான் கரையில செருப்போட நிக்க மாட்டேன், உன் கூட எறங்குவேன்! அதுக்குத்தான் இது!"

எதிரொலியோட சேத்து ரெண்டு தடவ கேட்டுச்சு. என் வாழ்க்கையில நான் பேசுன ஒரே காதல் வசனம். அதுவும் சித்தப்பா முன்னாடி.

வீடியோ எடுத்த அண்ணன்தான் மொதல்ல வாயத் தொறந்தாரு. "அந்த ஊருல என்னங்க இருக்கு?"

"தென்னமரம், தண்ணி, தண்ணி மேல குடிசை."

எல்லாரும் ஒரு தடவ தென்னமரத்தப் பாத்தாங்க. கெணத்தப் பாத்தாங்க. கெணத்து மேட்டுல இருந்த மோட்டார் ரூம்பப் பாத்தாங்க.

"இதுக்கு எதுக்குங்க அம்புட்டுத் தூரம்?"

அப்பத்தான் சகாயம் தோள்ல கேனோட வந்து நிக்கிறான். "பங்காளி! ஏதோ ஒரு கெணத்துல திருடனப் பிடிச்சிருக்காங்கன்னு அண்ணன் சொன்னாருடா. வேடிக்கை பாக்கலாம்னு ஊருல உள்ள கெணத்த எல்லாம் எட்டிப் பாத்துட்டு வாரேன். நம்ம கெணறா இருக்கும்னு நெனைக்கவே இல்ல!"

செல்வி கண்ணத் தொடச்சா. செருப்பக் கழட்டி என் செருப்புக்குப் பக்கத்துல விட்டா. துப்பட்டாவ இழுத்து இடுப்புல முடிஞ்சா. சகாயம் கையில இருந்த கேன வாங்குனா. கட்டிலோட வந்தவங்களப் பாத்து, "அது வேணாம்ணே, அவரு இப்ப மேல வர மாட்டாரு"ன்னு சொல்லிட்டு, மடமடன்னு படியில எறங்கி வந்துட்டா.

"கால நீட்டுங்க."

ரெண்டு துடுப்பையும் உருவி மேல வீசுனா. கேன என் முதுகுல இறுக்கிக் கட்டுனா. தண்ணியில எறங்கி என் தாடையில கைய வச்சா.

"பைப்ப விடுங்க."

"செல்வி, பயமா இருக்கு."

"எனக்குந்தான் வர்ற வழியெல்லாம் பயமா இருந்துச்சு. விடுங்க."

விட்டேன். முங்குனேன். குடிச்சேன். இருமுனேன். மறுபடி முங்குனேன். மேல இருந்து ஊரே, "கால ஒதறுங்க மாப்ள! கைய வீசுங்க! அப்படித்தான்!"னு சத்தம் போடுது. சித்தப்பா அந்தக் கம்பாலயே வழி காட்டுறாரு. கடைசியா இந்தச் செவத்துல இருந்து அந்தச் செவத்துக்குப் போயிச் சேந்தேங்க! நாய் நீந்துற மாதிரிதான். ஆனா போயிட்டேன்!

பக்கத்துலயே செல்வி. தலையெல்லாம் நனைஞ்சு, வாய் விட்டுச் சிரிக்கிறா. பத்து வருசத்துல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஒரே தண்ணியில எறங்குனது நேத்துத்தான். ரொம்ப சந்தோசமா இருந்துச்சு, சும்மா சொல்லக் கூடாது.

சாயங்காலம் ரெண்டு பேரும் மேல ஏறி வந்தோம். திருடனப் பிடிக்க வந்த கூட்டம் பூரா இன்னும் அங்கனதான் நிக்குது. என் போனு இருக்கு. பேண்ட் இருக்கு.

ரெண்டு ஜோடிச் செருப்பையும் காணோம்.

இதத்தான் நான் ராமேஸ்வரத்துலயே சொன்னேன்.