ரேடியேட்டர் மூடியும் பொழுது சாய்ந்த விருந்தும்

நாம் சொன்ன கோளாறு நாம் சொன்னபடியே இருந்துவிட்டால் மனத்துக்குள் ஒரு சந்தோஷம் வரும். கெட்டுப்போனது நம்முடைய வண்டியாகவே இருந்தாலும் வரும். அது நல்ல சந்தோஷம் இல்லை. அதற்காக ஒரு சாயங்காலம் இரண்டு குடும்பங்களைப் பட்டினி போட்டவள் நான்.

முசரவாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். அப்பாவுக்குத் தோள்பட்டை வலி வந்ததிலிருந்து பழைய டிராக்டரை நான்தான் ஓட்டினேன். கீழே ஒரு சொட்டுகூட ஒழுகாது; ஆனால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும். காலையில் கிளப்புவதற்குள் உயிர் போய்விடும். கிளம்பினால் வெள்ளைப் புகை. இன்ஜினுக்குள் காற்றும் தண்ணீரும் கலக்காமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், அழுத்தக் காற்று தண்ணீர்ப் பக்கம் கசிகிறது என்று தீர்ப்புச் சொன்னேன் (போனில் வீடியோ பார்த்துத்தான்). "பழைய வண்டின்னா கொஞ்சம் தண்ணி குடிக்கும்மா" என்று அப்பா முடித்துவிட்டார். இன்ஜினைப் பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் திருமுக்கூடல் பக்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்களுடைய கார் எங்கள் ஊர் ஏரிக்கரைத் திருப்பத்தில் மழைச் சேற்றில் இறங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி, நடக்க முடியாது. நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். வந்தவர்களும் அப்படித்தான். அம்மா விடிந்ததிலிருந்து சமைத்து வைத்திருந்தாள். "சீக்கிரம் இழுத்துக்கினு வந்துடும்மா, வந்தவங்க பசியோட திரும்பக்கூடாது" என்று என்னை அனுப்பினாள். இருந்ததில் நல்ல பருத்திப் புடவையோடு போனேன். (காஞ்சிபுரத்துக்கு இவ்வளவு கிட்டே இருந்தும் எங்கள் வீட்டில் பட்டு கட்ட மாட்டோம். புழு சாகிறதே!)

கார் பாதி ஏறும்போதே டிராக்டர் கொதித்து நின்றது. ஆறவிட்டு, வாய்க்கால் தண்ணீர் ஊற்றப் போனேன். ரேடியேட்டருக்கும் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தண்ணீரில் இருக்கும் உயிர்கள் வெந்துபோகக் கூடாது. மாப்பிள்ளை ஜினதாஸ் தன் புது மேல்துண்டை இரண்டாக மடித்துப் பிடித்தார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சூரியன் அதைவிட வேகமாக இறங்கியது. காருக்குள்ளிருந்து அவருடைய அம்மா தலையை நீட்டி, "துண்டை இங்கேயே உதறிடாதப்பா, அதுல இருக்கிற உயிருங்க செத்துடும், வாய்க்கால்லயே அலசிடு" என்றார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று.

ரேடியேட்டர் நிரம்பியது.

"மூடிட்டு இழுத்துடலாங்க. இன்னும் பொழுது இருக்குது" என்றார் ஜினதாஸ்.

இழுத்திருக்கலாம். நானோ மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷங்க, இதுல குமிழி வந்தா கேஸ்கெட் போயிருக்குதுன்னு அர்த்தம்" என்று வண்டியைக் கிளப்பினேன். அவரைக் குனிந்து பார்க்கவும் சொன்னேன். அப்பாவிடம் சொல்ல ஒரு சாட்சி வேண்டாமா?

குமிழி வந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று குதித்தேன். இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று ஆக்சிலேட்டரைக் கூட்டினேன். பாடுபட்டு வடிகட்டிய தண்ணீர் துருவோடு எழும்பி மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்தேங்க" என்றார்.

மறுபடியும் வடிகட்டி நிரப்பப் பொழுது இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் தன் டிராக்டரோடு வந்து, காரையும் எங்கள் வண்டியையும் இழுத்து வீடு சேர்த்தபோது இருட்டிவிட்டது. கூடத்தில் இலை போட்டிருந்தது. யாரும் உட்காரவில்லை. அம்மா பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூடினாள். "நான் சொன்னேன்ல, கேஸ்கெட்தான்" என்று அப்பாவிடம் சொல்லத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. நான் சொன்னது சரிதான். ஆனால் அதனால் யாருக்கும் ஒரு வாய் சோறு கிடைக்கவில்லை. அம்மா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடிஞ்சதும் சாப்பிட்டுட்டுத்தான் போவோம்" என்று முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் சமையல் மாட்டுக்குப் போயிற்று. அம்மா மறுபடியும் அடுப்பு மூட்டினாள். இட்லி சாப்பிடும்போதே சம்பந்தம் முடிந்தது. (அந்தப் பசியில் அவர்கள் எதற்கும் தலையாட்டியிருப்பார்கள்.) அப்பாவும் அந்த வாரமே இன்ஜினைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்.

இப்போதும் ஏதாவது பேச்சில், நான் சொன்னதுதான் சரி என்று நிரூபிக்கக் கிளம்பினால், ஜினதாஸ் ஜன்னல் வழியாக வெயிலை ஒரு தரம் பார்ப்பார். பிறகு எங்கள் மகளைக் கூப்பிடுவார்.

"அம்மா மூடியைத் திறக்கப் போறாம்மா. வா, நாம முதல்ல சாப்பிட்டுடலாம்."