சத்தத்தைக் கேட்டே சொல்பவர்

ஒன்று கெட்டுப்போய்விட்டது என்று தெரிந்த பிறகு, அதன் காரணம் தெரியாமல் ஒரு மனிதனால் எவ்வளவு நேரம் சும்மா நிற்க முடியும்? சிலர் ஒரு வாரம்கூட நிற்கிறார்கள். நான் சொல்லப்போகிற இனத்தாரால் ஆறு விநாடிக்கு மேல் முடியாது. ஏழாவது விநாடியில் தலை ஒரு பக்கமாகச் சாயும், சுட்டுவிரல் உயர்ந்து மற்றவர்களை அடக்கும், கண்கள் மூடும். பிறகு தீர்ப்பு வரும்: "இதுவா? இது ஒண்ணுமில்ல."

இவர்களைக் காரணத்தார் என்று அழைக்கலாம். உங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். அலுவலகத்தில் மூன்று பேராவது இருப்பார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லையா, பையனுக்கு மதிப்பெண் குறைந்துவிட்டதா, மின்விசிறி கடகடக்கிறதா, எதிர்வீட்டுக் கணவனும் மனைவியும் ஒரு மாதமாகப் பேசிக்கொள்வதில்லையா, எல்லாவற்றுக்கும் அவர்களிடம் காரணம் தயாராக இருக்கும். மூடியைத் திறந்து பார்க்கும் அவசியம் மட்டும் இருக்காது. திறந்து பார்ப்பது தெரியாதவன் செய்கிற வேலை.

பொதுவாகப் பேசினால் இவர்கள் பிடி கொடுக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. பகலில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போடுகிறார். மீதி நேரமெல்லாம் எஞ்சின்களின் சத்தத்தைக் கேட்கிறார். ஸ்கூட்டர் பெட்டியில் மரப்பிடி போட்ட நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று எப்போதும் இருக்கும். அதன் நுனியை எஞ்சின்மீது ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். அதைக் கொண்டு அவர் ஒரு திருகாணியைத் திருகி யாரும் பார்த்ததில்லை.

அவருடைய தங்கை ஒரு பிக்கப் வண்டி வைத்துக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் குடிதண்ணீர் கேன் அனுப்புகிறாள். ஒரு நடைக்கு நாற்பது கேன். ஓட்டுவதற்கு ஓர் ஆள். ஒன்பது வருடமாக அதே ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தங்கையைப் பார்க்க வந்தார். அவள் மாடியிலிருந்து இறங்கி வர அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரை வாசலில் அவரும் வண்டியும் மட்டும் இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை வண்டி நடுங்க ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றால் போதும், குளிர்காய்ச்சல் வந்த மாதிரி உதறும். நாற்பது கேன்களிலும் தண்ணீர் சிலிர்க்கும். சில சமயம் பொசுக்கென்று அணைந்துபோகும். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் மூலம் தங்கள் கருத்தைத் தெரிவிப்பார்கள்.

தங்கை அண்ணனுக்குப் போன் செய்தாள். வேறு யாருக்குச் செய்வாள்? அவர் போனிலேயே கேட்டார்.

"போனை எஞ்சின்கிட்ட கொண்டு போம்மா... இன்னும் கிட்ட... போதும். இதுவா? இது ஒண்ணுமில்ல. பிளக்."

பிளக் நான்கும் மாற்றியாயிற்று. ஓட்டுநர்தான் மாற்றினார், அண்ணன் பக்கத்தில் நின்று, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று சொன்னார். வண்டி மறுபடி நடுங்கியது. அப்போதுதான் இந்த இனத்தின் மகாவாக்கியம் வெளிப்பட்டது:

"இப்பக் கொஞ்சம் பரவாயில்ல, இல்ல?"

இதற்கு "இல்லை" என்று பதில் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. தங்கையும் "கொஞ்சம் பரவாயில்லண்ணா" என்றாள். அந்தக் கொஞ்சத்தின்மேல் கால் வைத்து அவர் அடுத்த படிக்கு ஏறினார். இக்னிஷன் காயில் மாறியது. கொஞ்சம் பரவாயில்லை. இன்ஜெக்டர் சுத்தமாயிற்று. இன்னும் கொஞ்சம் பரவாயில்லை. டாங்கியிலிருந்த பெட்ரோலில் கலப்படம் என்று சொல்லி அதை வடித்து வேறு ஊற்றினார்கள். இத்தனை பரவாயில்லைகளையும் கூட்டினால் வண்டி இந்நேரம் பறந்திருக்க வேண்டும். அது சிக்னலில் நின்று உதறிக்கொண்டிருந்தது.

ஒரு கருத்து தோற்றுவிட்டது என்று சொல்ல ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும். இன்னது நடந்தால் நான் சொன்னது தப்பு என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். காரணத்தாரின் கருத்துகளுக்கு அப்படிப்பட்ட பலவீனம் கிடையாது. பிளக் மாற்றியும் நடுக்கம் போகவில்லையென்றால் பிளக் காரணமில்லை என்று நாம் நினைப்போம். அவர், "பிளக்கும் போயிருந்துச்சு, காயிலும் போயிருக்கு" என்பார். ஒவ்வொரு தோல்வியும் அவருடைய நோய்ப்பட்டியலை நீளமாக்கும். கடைசியில் வண்டி சரியாகிவிட்டால், "நான் அன்னிக்கே சொன்னேன்." எந்த அன்று என்று யார் குறித்து வைத்திருக்கிறார்கள்?

ஓட்டுநர் இரண்டு தடவை வாயைத் திறந்தார். ஒருமுறை, "அண்ணே, மீட்டர்ல மஞ்ச விளக்கு எரியுதுண்ணே" என்றார்.

"அது விளக்குல கோளாறு. விளக்க நம்பி வண்டி ஓட்டாத."

இன்னொரு முறை, ஸ்க்ரூடிரைவர் காதில் இருக்கும்போது, "அடியில எங்கயோ உஸ்ஸுன்னு காத்து இழுக்கிற மாதிரி ஒரு சத்தம்..." என்று ஆரம்பித்தார்.

"பேசாம இருப்பா! கேக்க விடு!"

அதற்குப் பிறகு ஓட்டுநர் பேசவில்லை. காரணத்தார் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

தங்கைக்கு மட்டும் சந்தேகம் எட்டிப் பார்த்தது. "அண்ணா, பேசாம பட்டறையில காட்டிடலாமா?"

"பட்டறையிலயா? அவன் இல்லாத வியாதியெல்லாம் சொல்லுவான்மா."

மூன்றாவது வாரம் வண்டி மேம்பாலத்து ஏற்றத்தில் அணைந்து, இரண்டடி பின்னால் உருண்டு, ஒரு காரின் மூக்கைத் தொட்டது. அன்று மாலை அண்ணன் வந்து, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தங்கையைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "வண்டியில கோளாறு இல்லம்மா. ஓட்டுறவன்கிட்ட. நிக்கிறப்ப ஆக்ஸிலேட்டர்ல கால வெச்சு வெச்சு எடுக்கிறான். ஆள மாத்து, தானா சரியாயிடும்."

பொருள்கள் தீர்ந்துபோனால் காரணத்தார் மனிதர்களை எடுத்துக்கொள்வார்கள். இந்த இடத்தில்தான் இந்த இனம் எனக்கு வேடிக்கையாக இருப்பது நின்றுவிடுகிறது.

தங்கை ஓட்டுநரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் கையிலிருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "சரிக்கா. ஒரே ஒரு தடவ பட்டறையில காட்டுங்க. வண்டியில ஒண்ணுமில்லன்னு அவங்க சொல்லிட்டா, அங்கயே சாவியக் குடுத்துட்டுப் போயிடுறேன். இந்த வயசுல எவனும் எனக்கு வண்டி தரப்போறதில்ல. ஆனா ஓட்டத் தெரியாதவன்னு பேரு வாங்கிட்டு மட்டும் போக மாட்டேன்."

மறுநாள் காலை கேன்களை ஏற்றியபடியே பட்டறைக்குப் போனார்கள். அண்ணனும் வந்தார். தன் முடிவு ஊர்ஜிதமாவதைப் பார்க்கக் காரணத்தார் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வருவார்கள். பட்டறை மெக்கானிக்குக்கு ஒரு காது மந்தம். அண்ணன் அவருக்குப் பக்கத்தில் போய்ப் பிளக், காயில், இன்ஜெக்டர், பெட்ரோல் என்று முழு வரலாற்றையும் சொன்னார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அண்ணன் நின்றது கேட்காத காதின் பக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது.

மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். அது இருந்த இடத்தின் அடியில் கையை விட்டுத் தடவினார். ஓரிடத்தில் கை நின்றது. கட்டைவிரலால் எதையோ அழுத்தினார்.

வண்டி நடுங்குவது நின்றது. பின்னால் நாற்பது கேன்களிலும் தண்ணீர் அசையாமல் நின்றது.

விரலை எடுத்தார். உதறியது. வைத்தார். நின்றது.

"ஒரு சின்ன ரப்பர் குழாய் மாட்டாம இருக்கு," என்றார். "அந்த ஓட்டை வழியா வேண்டாத காத்து உள்ள போகுது. வண்டி நிக்கிறப்ப அதால தாங்க முடியாது. அவ்ளோதான் விஷயம்."

"தானாக் கழண்டுச்சா?" என்று கேட்டாள் தங்கை.

"எங்க தானாக் கழலும்? கிளிப்ப இடுக்கியால விரிச்சுக் கழட்டி, பத்திரமா குழாயிலயே கோத்து வெச்சிருக்காங்க பாருங்க. யாரோ ஃபில்டரத் தொடைச்சிருக்காங்க. தொடைச்சிட்டு இத மறந்துட்டாங்க. கடைசியா யாரு கை வெச்சது?"

தங்கை ஓட்டுநரைப் பார்த்தாள். தினமும் வண்டியோடு இருப்பவர் அவர்தானே?

"அப்ப நீதான் பிரிச்சியா? மூணு வாரமா இத மறைச்சுட்டா நின்ன?"

"அக்கா, நான் தொடவே இல்லக்கா."

இதைவிட வசதியான ஒரு நிலைமை நம்முடைய காரணத்தாருக்கு வாய்த்திருக்க முடியாது. கோளாறு ஓட்டுநரிடம் என்று அவர் நேற்றே சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் அவர் என்ன செய்தார் என்று யாரும் பார்க்கவில்லை. அவர் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. வாழ்நாளில் ஒரே ஒருமுறை, காரணம் சொல்லாமல் இருந்தாலே போதும். வென்றுவிடலாம்.

அவர் தலையைச் சாய்க்கவில்லை. கண்ணை மூடவில்லை.

"நான்தான் கழட்டினேன்," என்றார். "அந்த ஞாயித்துக்கிழம. நீ கீழ வர நேரமாச்சு. சும்மா இருக்கோமேன்னு ஃபில்டரத் தொடைச்சேன். குழாய மாட்ட மறந்துட்டேன்."

அவர் சொன்ன காரணங்களிலேயே திறந்து பார்த்து உறுதியானது அது ஒன்றுதான். மெக்கானிக் குழாயை மாட்டி, கிளிப்பை இறுக்கினார். ஓட்டுநர் சாவியைத் திருப்பித் தரவில்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கேன்களோடு கிளம்பினார். தங்கை பட்டறை வாசலில் நின்று அண்ணனைப் பார்த்தாள். அவர் மெக்கானிக்கின் மேசைமேல் ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு வெளியே நடந்தார். அதை வாங்க அவர் இதுவரை வரவில்லை.

ஏன் ஒப்புக்கொண்டார்? தங்கையைக் கேட்டால், "எங்க அண்ணன் வாய்தான் அப்படி, மனசு தங்கம்" என்கிறாள். ஓட்டுநரோ, மாடியிலிருந்து யாராவது பார்த்திருப்பார்கள் என்று அவர் பயந்திருக்க வேண்டும் என்கிறார். அண்ணனுடைய மனைவிக்குச் சந்தேகமே இல்லை: "காரணம் தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அவருக்கு ராத்திரி சோறு இறங்காது. வேற ஒண்ணுமில்ல." அவரையே கேட்டும் பார்த்துவிட்டார்கள். ஒரு விஷயத்துக்கு அவர் காரணம் சொல்லாமல் இருப்பது இதுதான் முதல் தடவை.

இதைப் படித்துக்கொண்டே வந்த உங்களுக்கும் இந்நேரம் ஒரு காரணம் தோன்றியிருக்கும். தங்கை, ஓட்டுநர், மனைவி மூவரும் சொன்னதைவிட அது பொருத்தமானதாகவும் இருக்கலாம். நான் மறுக்கவில்லை. அதை எனக்குச் சொல்வதற்கு முன்னால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்கள் தலை இப்போது எந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது?