அண்ணாச்சி வைத்த முதல் அட்டை

மயிலாப்பூர்,
3-10-1976, ஞாயிறு.

தனபாலன் மாமாவுக்கு, சுந்தரவல்லி வணங்கி எழுதுகிறேன். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களா?

தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் நேரத்தில் கடிதம் எழுதி உங்களைத் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். எதுவும் கேட்பதற்காக எழுதவில்லை. பயப்படாமல் படிக்கலாம். வேலை வாங்கிக் கொடுத்தவருக்கு வேலை எப்படிப் போகிறது என்று சொல்வது மரியாதை அல்லவா, அதற்காகத்தான்.

வேலை போகவில்லை மாமா. நிற்கிறது. தி.நகரில் வைரவன் அண்ணாச்சி ஜவுளிக்கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். பம்பாயில் ஒரு மில் பயன்படுத்திக் கழித்த மிஷின். நாலு பீரோவைச் சேர்த்து வைத்தாற்போல இருக்கும். அதற்கு வேலை சொல்ல வேண்டுமானால் வாயால் சொல்ல முடியாது. அட்டைகளில் ஓட்டை குத்தி, கட்டாக அடுக்கி, அதன் வாயில் வைக்க வேண்டும். தீபாவளி இருப்புக் கணக்குக்கான அட்டைகளை, பம்பாயிலிருந்து வந்த தாள்களைப் பார்த்துக் குத்தியது நான்தான். கட்டை வைத்து ஸ்விட்சைப் போட்டால் மிஷின் முதல் அட்டையை இழுக்கிறது, துப்புகிறது, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிடுகிறது. தினமும் இதே கதைதான்.

அண்ணாச்சியின் தம்பி மகன் கருணாகரன்தான் எங்கள் இன்ஜினியர். மிஷினுக்குப் புழுங்குகிறது என்று சொல்லி, கீழே பட்டுச்சேலைப் பிரிவில் இருந்த ஏ.சி.யைக் கழற்றி மாடிக்குக் கொண்டுவந்தார். மிஷின் குளிர்ந்து நின்றது. கீழே முகூர்த்தச் சேலை எடுக்க வந்த சம்பந்தி வீட்டார் வியர்த்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். என்னோடு அட்டை குத்தும் காமாக்ஷி அக்கா, "ஏண்டி, ராகுகாலத்துல ஸ்விட்சைப் போட்டுட்டு மிஷின் ஓடலைன்னா எப்படி ஓடும்? நன்னா நேரம் பார்த்துப் போடச் சொல்லேன் அந்தப் பிள்ளையாண்டானை" என்றார். நேரம் பார்த்துப் போட்டோம். நல்ல நேரத்தில் நின்றது. எலக்ட்ரீஷியன் இனாயத் பாய் வந்து நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, "மிசினு கரெக்டாத்தான் கீது சார். எர்த்துதான் காஞ்சி போய்க் கீது. நாலு கொடம் தண்ணி ஊத்து, பிச்சிக்கினு ஓடும்" என்றார். கடைக்குப் பின்னால் எர்த் குழியில் குடம் குடமாக ஊற்றினார்கள். தெருக் குழாயில் வரிசையில் நின்ற பெண்கள் பார்த்துவிட்டார்கள். "குடிக்கத் தண்ணி இல்லாம நாங்க நாறிக்கினு கீறோம், இவனுங்க மண்ணுக்கு ஊத்திக்கினு கீறானுங்கடீ!" என்று ஒரு அம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். அண்ணாச்சி அவளுக்கு ஒரு ரவிக்கைத் துணி கொடுத்து அனுப்பினார். உடனே குழாயடி முழுவதும் எர்த் குழியைப் பற்றி விசாரிக்க வந்துவிட்டது.

இவ்வளவு ஓட்டத்திலும் எல்லோரும் பார்த்தும் பார்க்காத ஒன்று இருந்தது மாமா. புதுக் கணக்கு என்றால் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு மஞ்சள் தடவுவது நம் பக்க வழக்கம்தானே. அண்ணாச்சி வெற்று அட்டை ஒன்றில் மஞ்சளைக் குழைத்துச் சுழி போட்டு, காயவைத்து, தினமும் தம் கையால் கட்டின் தலையில் வைத்து, கண்ணை மூடிக் கும்பிடுகிறார். "கணக்குன்னா தலையில புள்ளையார் இருக்கணும் தாயி. எங்க ஐயா காலத்துலயிருந்து அப்படித்தான்" என்கிறார். மிஷின் தினமும் துப்புவது அந்த மஞ்சள் அட்டையைத்தான். மிஷினோடு வந்த புத்தகத்தை விடுதியில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். மற்ற அட்டைகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று மிஷினுக்குச் சொல்லிக்கொடுப்பதே முதல் அட்டைதானாம். ஓட்டையே இல்லாத அட்டை முதலில் போனால் அது என்ன செய்யும், பாவம்? கருணாகரன் ஒவ்வொரு அட்டையையும் தாளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். அதை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டு தனியே எடுத்து வைத்தார். அவருக்கு அது அட்டை இல்லை, சாமி.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். "அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தேன். "என்ன தாயி, காப்பி குடிச்சியா?" என்றார். குடித்தேன் என்று வந்துவிட்டேன். கருணாகரனிடம் போனேன். வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. அவர் அதற்குள், "பெரியப்பா, மிஷின்ல ஒண்ணும் இல்ல. இந்தப் பொண்ணு குத்துனதுலதான் தப்பு" என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் மறுபடி குத்தினேன். அண்ணாச்சியை "ஏலே" என்று கூப்பிடக்கூடிய ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். நான் அவரை நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை. அவர் செருப்பு என்ன நிறம் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

நாளைக்கும் ஓடாவிட்டால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவதாக முடிவு. அண்ணாச்சி வருத்தத்தோடுதான் சொன்னார், போகும்போது சேலை ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேலை நிலைக்காவிட்டால் தையில் கல்யாணம் என்று அப்பா சொன்னது நினைவிருக்கும். நம் வீட்டில் முதன்முதலாக பி.எஸ்சி. படித்தவள் கயத்தாற்றில் அரிசி மில்லுக்கு மருமகளாகப் போகிறாள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

அத்தைக்கு என் வணக்கம். சின்னவனுக்கு முத்தம். உங்கள் கடையில் சரக்கெல்லாம் நல்லபடியாக விற்றுத் தீரட்டும்.

பணிவுள்ள,
சுந்தரவல்லி

பின்குறிப்பு: திங்கள் மாலை. காலையில் லஸ் முனையில் தபாலில் போட மறந்து, கடிதம் என் கைப்பையிலேயே கிடந்தது. நல்லதாகப் போயிற்று. இன்றும் அண்ணாச்சி அட்டையை வைத்துக் கண்ணை மூடினார். கருணாகரன் ஸ்விட்ச் பக்கம் திரும்பினார். என் கை போய் அந்த அட்டையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டது. மிஷின் ஒரு இழுப்பு இழுத்தது பாருங்கள், மாமா! கட்டு முழுவதையும் விழுங்கிவிட்டு, கடையில் உள்ள வேட்டி சேலை அத்தனையையும் வரிசையாக அச்சடித்துத் தள்ளியது. அண்ணாச்சி கண்ணைத் திறந்து, "பாத்தியால கருணா, புள்ளையாரு!" என்றார். தான் பக்கத்தில் நின்று அட்டைகளை மறுபடி குத்தச் சொன்னதால்தான் என்றார் கருணாகரன். நேரம் நன்னா இருந்தது என்றார் காமாக்ஷி அக்கா. இனாயத் பாய் கீழே இருந்தே, "நான் சொல்லல? எர்த்து!" என்று கத்தினார். எல்லோருக்கும் அல்வா கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள், இனிமேல் கவனமாகக் குத்தச் சொல்லி.

ஆகவே மேலே கயத்தாறு பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். எனக்கு வருத்தம்தான், மிகவும்.

ஆனால் நாளை சம்பளக் கணக்கை ஏற்றப் போகிறார்கள். ராசியான அட்டையைக் காணோம் என்று அண்ணாச்சி புதிதாக இரண்டு எழுதிக் காயவைத்திருக்கிறார். நாளைக்கும் எடுத்துவிடுவேன். தினமும் முடியுமா? ஒருநாள் அவர் கண்ணைத் திறந்துகொண்டே கும்பிட்டுவிட்டால்? பழைய அட்டையைக் குப்பையில் போட மனம் வராமல் இத்துடன் வைத்திருக்கிறேன். அதை உங்கள் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு, அண்ணாச்சிக்கு நீங்கள் ஒரு கடிதம் போட வேண்டும். பிள்ளையாரைக் கட்டுக்குள் வைத்து மிஷினுக்குத் தின்னக் கொடுக்காதே, மிஷினுக்கு மேலே படமாக மாட்டு என்று எழுதுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். என் பெயரைச் சொல்லாமல் எழுதுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். வேண்டாம் மாமா. தப்பைக் கண்டுபிடித்தது சுந்தரவல்லி என்று என் பெயரைப் போட்டே எழுதுங்கள்.