ஹேஸ்கெல் ஓடைக்கு வழி கேட்ட அக்காவுக்கு

விடியல் பண்ணை,
ஹேஸ்கெல் ஓடை,
வட கலிஃபோர்னியா.
மே 9.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அக்கா லொரெய்ன் அவர்களுக்குத் தம்பி வெண்டெல் எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் மனைவி பனித்துளியும், பண்ணையில் மிச்சமிருக்கும் ஏழு பேரும், பதினாறு கோழிகளும் நலம். நெப்ராஸ்காவில் தாங்களும் தங்கள் மூட்டுவலியும் தேவாலயப் பாட்டுக் குழுவும் நலமாக இருக்க வேண்டுகிறோம். யாரை வேண்டுகிறோம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதைப் பற்றி 1970-இல் கூட்டிய கூட்டம் இன்னும் முடியவில்லை.

இந்தத் 'தாங்கள், தங்கள்' எல்லாம் நமக்குள் எதற்கு? நீ என்றே எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்கு நீ போட்ட கடிதம் கிடைத்தது. நெருங்கிய உறவு யார் என்று அந்த நர்ஸ் கேட்டபோது, இடுப்பெலும்பு முறிந்த வலியில் கொள்கையெல்லாம் மறந்துபோய் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். அவர்கள் உன்னைக் கூப்பிட்டுப் பேசியதும், நீ உடனே உட்கார்ந்து எழுதியதும், நான் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயங்கள். மூன்று கேள்வி கேட்டிருந்தாய். இந்த வயதில் கோழிக்கூண்டு மேல் உனக்கு என்ன வேலை? ஐம்பத்தாறு வருஷமாக அங்கே என்னதான் செய்து கிழித்தீர்கள்? மூன்றாவது அம்மாவைப் பற்றியது. அதற்குக் கடைசியில் வருகிறேன். அதை எழுதுவதற்குத்தான் இந்தக் கடிதமே, ஆனால் கை நேராக அங்கே போக மாட்டேன் என்கிறது.

கூண்டின் கூரை ஒழுகியது, ஏறினேன், வழுக்கியது, விழுந்தேன். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தக் கூரை எதனால் ஆனது என்று சொன்னால்தான் பாக்கி புரியும். நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் மண்பாதை பிரியும் இடத்தில் மாவட்டச் சாலைத் துறை 'ஹேஸ்கெல் ஓடை, 2 மைல்' என்று ஒரு பச்சைப் பலகையை நடும். நாங்கள் அதைக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவோம். 1969-இல் ஆரம்பித்த வழக்கம். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையானால் போதும், ஹிப்பிகளைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகக் காரில் வருவார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளேயிருந்தே வேடிக்கை பார்ப்பார்கள், பின்னாலேயே போலீஸும் வரும். பலகை இல்லாவிட்டால் ஒருவரும் வர முடியாதே என்று யாரோ சொன்னார்கள், அத்தனை பேரும் தலையாட்டினார்கள். இங்கே எதற்கும் எல்லாரும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் மாட்டேன் என்றாலும் நடக்காது. கழிப்பறைக்குக் கதவு போடுவதா வேண்டாமா என்று முடிவாக ஏழு வருஷம் ஆயிற்று என்றால் பார்த்துக்கொள். பலகையைக் கழற்றுவது மட்டும் ஒரே நாளில் முடிவாயிற்று. அவர்கள் நடுவார்கள், நாங்கள் கழற்றுவோம், இப்படியே முப்பத்தாறு பலகை சேர்ந்தது. துருப்பிடிக்காத நல்ல அலுமினியத் தகடு, தூக்கி எறிய மனசு வருமா? கோழிக்குக் கூரை போட்டோம்.

விழுந்தவன் தனியாகவும் விழவில்லை, கூரையையும் கூட்டிக்கொண்டு விழுந்தேன். பனித்துளி பதறிப்போய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். பெரிய செம்மரத்துக்குப் பக்கத்தில் திரும்புங்கள் என்று வழி சொன்னாள். இங்கே எல்லாமே பெரிய செம்மரம். வண்டி மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று, அந்தச் சத்தம் மூன்று தடவை எங்களைத் தாண்டிப் போனதைப் படுத்தபடியே கேட்டேன். டிரைவர் பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறான், "போர்டு ஏதாவது இருக்காம்மா?" இவளும் பொறுமையாகச் சொல்லியிருக்கிறாள், "இருக்குப்பா, முப்பத்தாறு இருக்கு. எல்லாம் என் வீட்டுக்காரர் மேலதான் கிடக்கு."

கடைசியில் அவர்களைக் கூட்டி வந்தது உன் மருமகள். என் பெண் வானவில்லைச் சொல்கிறேன். பெயிண்ட் அடித்த பஸ்ஸுக்குள் பிறந்தவள். கடிகாரம் கூடாது, பள்ளிக்கூடம் கூடாது என்று வளர்த்தோம். பதினெட்டு முடிந்த அன்றைக்கே பெயரைக் கரோல் என்று மாற்றிக்கொண்டாள், இஸ்திரி போட்ட சட்டை மாட்டினாள், நேராகப் போய் மாவட்டச் சாலைத் துறையில் சேர்ந்தாள். இப்போது அங்கே அவள்தான் அதிகாரி. கடைசிப் பதினோரு பலகையும் அவள் கையெழுத்துப் போட்டு நட்டவை. மகள் நடுவாள், அப்பன் கழற்றுவான், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம், இரண்டு பேரும் அதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டோம். அன்று வயர்லெஸ்ஸில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, துறையின் மஞ்சள் லாரியை முன்னால் விட்டுக்கொண்டு ஆம்புலன்ஸோடு வந்து சேர்ந்தாள். இறங்கினாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"அப்பா, உங்க மேல கிடக்கறது எல்லாம் எங்க துறை சொத்து. முதல்ல அதைத் தூக்கவா, உங்களைத் தூக்கவா?"

கேட்டுவிட்டு அழுதாள், அக்கா. எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. இப்படி ஒரு பிள்ளையைக் கொடுத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் டிரைவருக்குச் சொன்னேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என்னதான் செய்தோம்? அப்பா சொன்ன மாதிரி முடி வளர்த்தோம், அது உண்மை. சோப்பைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டதிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் அந்த வயதில் எங்களுக்கு முன்னால் இருந்தது என்ன? தெருவுக்கு ஒரு பையனைப் பெட்டியில் வைத்துப் போர்க்களத்திலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கொல்ல மாட்டேன், ஆபீஸில் உட்கார்ந்து மெல்லச் சாகவும் மாட்டேன், எனது உனது என்று இல்லாமல் ஒரு இடத்தில் வாழ்ந்துதான் பார்ப்போமே என்று அறுபத்து மூன்று பேர் கிளம்பினோம். பயிர் வைக்கத் தெரியாது, பால் கறக்கத் தெரியாது. முதல் குளிர்காலத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர், ஹிப்பி என்றாலே காறித் துப்புகிறவர், ஒரு வண்டி உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். அன்று அவர் கொட்டாமல் போயிருந்தால் புரட்சி ஜனவரியோடு முடிந்திருக்கும்.

போனவர்கள் நிறையப் பேர். ஒருவன் வக்கீலானான். சொத்தே கூடாது என்று மரத்தடியில் மூன்று மணி நேரம் பேசியவன் இப்போது வீட்டு மனை விற்கிறான், நல்ல வியாபாரம். ஊரே மூக்கைப் பொத்திக்கொண்ட எங்கள் கெட்டித் தயிரும் தவிட்டு ரொட்டியும் இப்போது பெரிய கடைகளில் முதல் வரிசையில் இருக்கின்றன. பாயை விரித்துத் தலைகீழாக நின்றதற்கு எங்களைப் பைத்தியம் என்றார்கள், இப்போது உன் தேவாலயத்து மண்டபத்திலேயே செவ்வாய்க்கிழமை யோகா என்று எழுதியிருக்கிறாய். வாரக்கடைசியில் இளைஞர்கள் வீடு மாதிரி இருக்கும் வேன்களில் வருகிறார்கள், போனைத் தொடாமல் இரண்டு நாள் இருக்கப் போகிறோம் என்கிறார்கள், அதைப் போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உலகத்தை மாற்றினோமா என்றால், நாங்கள் நினைத்த மாதிரி இல்லை. ஆனால் இங்கே மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது பதினேழு நாள் மேலே ஏறி உட்கார்ந்து மறித்தோம், அந்த மரங்கள் நிற்கின்றன. காலையில் அவற்றைப் பார்த்தபடிதான் இப்போது நடக்கப் பழகுகிறேன்.

உன் காலுறைகளுக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். ஒரு கிறிஸ்துமஸ் தவறாமல், டவுன் தபால் ஆபீஸில் இருக்கும் என் பெட்டிக்குச் சிவப்புக் கம்பளிக் காலுறை வந்துகொண்டே இருந்தது. எல்லாம் எல்லாருக்கும் பொது என்பது இங்கே சட்டம், அதனால் ஒரு ஜோடிகூட ஜோடியாக என் காலில் ஏறியதில்லை. வலது கால் பனித்துளிக்கு, இடது கால் கரடிக்கு. கரடி யார் என்று கேட்பாய். பிறந்தபோது மில்டன், இங்கே வந்த நாளிலிருந்து கரடி, ஐம்பத்தாறு வருஷமாக எனக்கு அடுத்த அறை. அவனைத் தெரிந்துகொள். இனி வருவதில் அவன் இருக்கிறான்.

நீ எழுதியதை அப்படியே இங்கே திரும்ப எழுதுகிறேன். "1972 ஆகஸ்டுல அம்மாவும் நானும் கார்ல வந்தோம்டா. ரெண்டு நாள் அந்த ரோட்டுல மேலயும் கீழயும் அலைஞ்சோம். ஒரு போர்டு இல்ல. கடையில கேட்டா தெரியாதுன்னான். ரோட்டோரமா ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒரு தாடிக்காரன், கால்ல ஒத்தைச் செருப்பு, அப்படி ஒரு இடமே கிடையாதுன்னுட்டான். நீ எங்களைப் பாக்க விரும்பலைன்னு அம்மா முடிவு பண்ணிட்டா. சாகற வரைக்கும் உன் பேச்சை எடுக்கல."

எனக்குத் தெரியாது, அக்கா. நீங்கள் வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அம்மா ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லையே என்று இத்தனை வருஷம் இங்கே நான் முறைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் கூட்டம். முப்பத்தேழாவது பலகையை நடப் போகிறேன், தயவு செய்து கழற்றாதீர்கள் என்று கரோல் எழுதிக் கேட்டிருந்தாள். எட்டுப் பேர் சரி என்றோம். கரடி மாட்டேன் என்றான். பலகை வைத்தால் உலகம் உள்ளே வந்துவிடும், அப்புறம் நாம் எதற்கு இங்கே வந்தோம் என்றான். மரக்கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம் என்பது எங்கள் முறை. கரண்டியை வாங்கி உன் கடிதத்தைப் படித்தேன். ஆடு, ஒற்றைச் செருப்பு என்று வந்ததும் எட்டுத் தலையும் கரடி பக்கம் திரும்பிற்று. பண்ணையில் ஆடு வளர்த்தவன் அவன் ஒருவன்தான், அந்த ஆடு அவனுடைய ஒரு செருப்பைத் தின்ற கதை எல்லாருக்கும் தெரியும்.

கரடி கரண்டியைக் கேட்டு வாங்கினான். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்வதுதான் அன்றைய வழக்கம், நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

"கார்ல வயசான அம்மா ஒருத்தங்க இருந்தாங்க," என்றான். "திரும்பிப் போறப்ப வண்டியை நிறுத்தச் சொல்லி ஆப்பிளை மாவுக்குள்ள வெச்சுச் செஞ்ச பை ஒண்ணு குடுத்தாங்க. 'எம் பையனுக்குச் சுட்டது, அவன் கிடைக்கல, நீ பசியா இருக்கற மாதிரி தெரியுது, நீயாவது சாப்பிடு'ன்னாங்க. நான் இங்க கொண்டாந்து வெச்சேன், மேகம். எல்லாருக்கும் வெட்டினோம். நீ ரெண்டு துண்டு சாப்பிட்ட."

மேகம் என்பது இங்கே என் பெயர். சாப்பிட்டேன், அக்கா. எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மேல் மாவில் மிளகுத்தூள் தூவியிருந்தது. எங்கள் அம்மாவும் இப்படித்தான் மிளகு போடுவாள் என்று மேஜையில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். சொல்லிவிட்டு இரண்டாவது துண்டைக் கேட்டு வாங்கினேன்.

அன்று நான் அழுதேன், கரடி அழுதான், கரண்டி யார் கையில் இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் இந்தப் பத்து நாளாக அழுகை போய் வேறு ஒன்று வந்திருக்கிறது. அம்மா எனக்காகச் சுட்டது என் வயிற்றுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இரண்டாயிரம் மைலுக்கு அதை உடையாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்தது நீயாகத்தான் இருப்பாய். அம்மாவுக்கு இது தெரியாமலே போயிற்று. உனக்காவது தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். ரொம்ப நன்றாக இருந்தது, அக்கா. நன்றி சொல்ல ஐம்பத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்.

கரடி சம்மதித்தான். போன செவ்வாய்க்கிழமை கரோல் ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பலகையை நட்டாள், ஒன்பது பேரும் நின்று கைதட்டினோம். நான் என் கையாலேயே ஒரு போல்ட்டை முறுக்கினேன். ஆகையால் ஜூன் பத்துக்கு மேல் நீ வர வேண்டும். வழி கேட்கவே வேண்டாம், ஒரு சிக்கலும் இல்லை. நெடுஞ்சாலையில் வா, பச்சைப் பலகையைப் பார், இடது பக்கம் திரும்பு. உனக்கு எண்பத்தொன்று, எனக்கு எழுபத்தேழு, இன்னொரு கூட்டம் போட்டு முடிவு செய்ய நேரமில்லை. கழிப்பறைக்குக் கதவு போட்டாகிவிட்டது.

உன் மூட்டுகள் வலியில்லாமல் இருக்கவும், நீ கும்பிடுகிற தெய்வம் உன்னை வழி நெடுகப் பத்திரமாகக் கொண்டுவரவும் வாழ்த்தும், உன் ஆசியை வேண்டும்,

தம்பி
வெண்டெல்

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் பலகையைக் காணவில்லை. கரடி சத்தியமாக எடுக்கவில்லை, கேட்டதற்கே மனசு உடைந்துபோனான். வேனில் வந்த ஒரு நகரத்து ஜோடி கழற்றிக்கொண்டு போயிருக்கிறது. வீட்டில் சோபாவுக்கு மேலே மாட்டி, 'அசல் ஹிப்பிக் காலத்துப் பலகை' என்று படம் போட்டிருப்பதைக் கரோல் காட்டினாள். நட்டு ஆறு நாள்கூட ஆகவில்லை. அடுத்தது வர ஜூலை ஆகுமாம். அதனால் மேலே எழுதிய வழியை மறந்துவிடு. ஜூன் பத்திலிருந்து தினமும் காலையில் திருப்பத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், பக்கத்தில் ஒரு கம்பில் உன் சிவப்புக் காலுறை தொங்கும். கரடியும் கூட இருப்பான். ஆடு இல்லை, செருப்பு இரண்டும் போட்டிருப்பான். "இடது பக்கம் திரும்புங்கம்மா, ரெண்டே மைல்தான், உங்க பையன் வீட்லதான் இருக்கான்" என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வரப்போவது அம்மா இல்லையடா, அக்கா என்றேன். தெரியும் என்கிறான்.